கட்டத் துணியும் ஓரக் குறிப்பும்

மகளுக்கு அபர்தீனில் கல்யாணம் நிச்சயமான வாரமே, மாப்பிள்ளை எந்த டார்ட்டன் உடுத்துவது என்ற பேச்சு அவர்கள் வீட்டில் தொடங்கிவிட்டது. நம் வீடுகளில் முகூர்த்தப் புடவைக்கு எவ்வளவு பேச்சு நடக்குமோ அவ்வளவும் அங்கே கில்ட்டுக்கு நடந்தது. கில்ட் என்பது இடுப்பில் சுற்றி, பின்பக்கம் நெருக்கமாக மடிப்பு வைத்துத் தைத்த கம்பளி உடை. அதில் ஓடும் கட்டத்துக்குப் பெயர் டார்ட்டன். ஒவ்வொரு குடும்பப் பெயருக்கும் ஒரு கட்டம், அது அந்தக் குலத்தின் ஆதிகால அடையாளம் என்றுதான் ஸ்காட்லாந்தில் இருபது வருடம் இருந்த பிறகும் நான் நம்பியிருந்தேன்.

மாப்பிள்ளை வீட்டுக் குடும்பப் பெயர் டெய்லர். சம்பந்தியும் சரி, அவருடைய அப்பாவும் சரி, கில்ட் உடுத்தியதே கிடையாது. மகன் கல்யாணத்துக்காவது உடுத்த வேண்டும் என்று அவருக்கு ஆசை. கடைக்குப் போனோம். சுவரில் மாட்டியிருந்த நீளமான பட்டியலில் கடைக்காரர் விரலை ஓட்டி, "டெய்லர் என்றால் கேமரன் குலம்" என்றார். பளிச்சென்ற சிவப்புத் துணி. ஒரு கில்ட்டுக்கு எட்டு கஜம். அங்கேயே முன்பணம் கட்டிவிட்டு வந்தோம்.

வீட்டுக்கு வந்த பிறகு எனக்கு ஒரு கேள்வி அரித்தது. டெய்லர் என்றால் தையல்காரர். ஸ்காட்லாந்து முழுக்க ஊருக்கு ஒரு தையல்காரர் இருந்திருப்பாரே, அத்தனை பேருடைய பேரப்பிள்ளைகளும் எப்படி ஒரே குலம் ஆவார்கள்? விசாரித்தபோது ஒரு கதை கிடைத்தது. 16ஆம் நூற்றாண்டில் கேமரன்களிடையே கோடரி வீசுவதில் பெயர் பெற்ற ஒரு வீரன் இருந்தான், தையல்காரர் வீட்டில் வளர்ந்தவன், அவன் வழி வந்தவர்கள் டெய்லர் என்று பெயர் கொண்டார்கள் என்பது கதை. அந்தப் பகுதியில் சில டெய்லர் குடும்பங்களுக்கு அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அபர்தீன்ஷயரில் பண்ணை வேலை பார்த்த ஒரு குடும்பத்தை அந்த ஒரே கதையில் கொண்டுபோய்க் கட்ட என்ன ஆதாரம்? கடைச் சுவரில் தொங்கும் இந்த மாதிரிப் பட்டியல்கள் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டிலும் அதற்குப் பிறகும் வளர்ந்தவை. குலப்பெயர் இல்லாதவருக்கும் ஒரு டார்ட்டன் விற்கலாம் என்ற வியாபாரத் தேவையும் அவற்றின் வளர்ச்சிக்கு ஒரு காரணம்.

குலம் என்று நான் சொல்லிவந்த கிளான் என்ற சொல்லை நான் புரிந்துகொண்டிருந்ததே தவறு என்று அப்போதுதான் தெரிந்தது. எங்கள் கொங்குப் பக்கம் கூட்டம் என்று சொன்னால் ஒரே வழியில் வந்த பங்காளிகள், ஒரே குலதெய்வம். ஸ்காட்லாந்து மலைநாட்டின் பழைய மொழியான கேலிக்கிலும் கிளான் என்றால் பிள்ளைகள் என்றுதான் பொருள். நடைமுறை அப்படி இல்லை. தலைவரின் நிலத்தில் குடியிருந்தவர்கள், பாதுகாப்புத் தேடி வந்தவர்கள் எல்லோரும் தலைவரின் பெயரையே எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு மூட்டை மாவுக்காக ஃப்ரேசர் என்று பெயர் மாற்றிக்கொண்டவர்களைப் பற்றி இன்றும் கதை சொல்வார்கள். மறுபக்கம், பெயரை இழந்தவர்களும் உண்டு. 1603இல் மக்கிரெகர் என்ற பெயரையே அரசன் தடை செய்தான். இடையில் சில காலம் தளர்ந்தாலும் 1774இல்தான் அந்தத் தடை முழுதாக நீங்கியது. அதுவரை அவர்கள் கேம்பெல், கிரான்ட், மரே, டிரம்மண்ட் என்று கிடைத்த பெயரில் வாழ்ந்தார்கள். ஆக ஒரே பெயர் என்றால் ஒரே ரத்தம் என்றும் சொல்ல முடியாது, வேறு பெயர் என்றால் வேறு ரத்தம் என்றும் சொல்ல முடியாது.

சம்பந்தியிடம் இதைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்படியானால் நாம் உண்மையில் யார் என்று பார்த்துவிடலாம்" என்றார். அவருக்குக் கம்ப்யூட்டர் பழக்கம் குறைவு. நான் உட்கார்ந்து தேடுவது, அவர் வீட்டுத் தகரப் பெட்டியைக் கிளறுவது என்று வேலையைப் பிரித்துக்கொண்டோம்.

தகரப் பெட்டியில் கிடைத்த முதல் காகிதம் அவருடைய அப்பாவின் கல்யாணச் சான்றிதழ். தொடங்குவதற்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. ஸ்காட்லாந்தில் 1855 ஜனவரி 1 முதல் பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் அரசே பதிவு செய்கிறது. கல்யாணப் பதிவில் இருவருடைய அப்பா பெயர், அவருடைய தொழில், அம்மாவின் பெயர், அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர் எல்லாம் இருக்கும். இறப்புப் பதிவிலும் இறந்தவரின் பெற்றோர் பெயர் இருக்கும். அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயரை விடாமல் எழுதியதுதான் இந்தப் பதிவுகளின் பெரிய பலம். ஸ்காட்லாந்துப் பெண்கள் கல்யாணத்துக்குப் பிறகும் சட்டக் காகிதங்களில் பிறந்த வீட்டுப் பெயரை விட்டுவிடவில்லை.

ஸ்காட்லாண்ட்ஸ் பீப்பிள் என்ற அரசு இணையதளத்தில் இந்தப் பதிவுகளின் படங்கள் இருக்கின்றன. பெயரைத் தேட காசு இல்லை. படத்தைத் திறக்க நான் தேடிய காலத்தில் ஒன்றரை பவுண்டு. பார்க்கச் சின்னத் தொகைதான், ஆனால் ஊகத்தில் திறந்துகொண்டே போனால் ஒரே இரவில் முப்பது பவுண்டு போய்விடும். எனக்குப் போனது. அதன் பிறகு, எந்தப் படத்தைத் திறக்கும் முன்னும் இது நம் ஆள்தான் என்று எண்ண என்ன காரணம் என்று நோட்டில் ஒரு வரி எழுதிவிட்டுத்தான் திறப்பேன்.

சம்பந்தியின் தாத்தா கல்யாணம் 1920இல். அந்தப் பதிவில் அவருடைய அப்பா டெய்லர், ஏர் ஓட்டும் பண்ணையாள், காலமானவர் என்று இருந்தது. அம்மா பெயர் ஜெஸ்ஸி. அவருடைய பிறந்த வீட்டுப் பெயர் இருக்க வேண்டிய இடத்திலும் டெய்லர். புகுந்த வீடும் டெய்லர், பிறந்த வீடும் டெய்லரா? டெய்லர் என்பது அங்கே தெருவுக்கு நாலு பேர் வைத்திருக்கும் பெயர், அதனால் தற்செயல் என்று விட்டுவிட்டோம். ஒரு டெய்லரை மணந்த ஜெஸ்ஸி டெய்லரைத் தேடி இரண்டு மாதம் போனது. அப்படி ஒரு கல்யாணமே எங்கும் இல்லை.

வழி திறந்தது 1901 மக்கள்தொகைக் கணக்கில். எட்டு வயதுப் பையனாக அந்தத் தாத்தா ஒரு வீட்டில் இருக்கிறார். வீட்டுத் தலைவருக்கு என்ன உறவு என்ற கட்டத்தில் மகன் என்று இல்லை, பேரன் என்று இருந்தது. அம்மாவும் அந்த வீட்டில் இல்லை, அப்பாவும் இல்லை. தாத்தா பாட்டி பெயர் கிடைத்ததும் அவர்களுடைய மகள்களைத் தேடினேன். ஜெஸ்ஸி என்று யாரும் இல்லை, ஜேனட் என்று ஒருத்தி இருந்தாள். என்னோடு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் வயதான அம்மா ஒருவரிடம் சொன்னபோது, "ஜேனட்டைத்தானே ஜெஸ்ஸி என்று கூப்பிடுவோம்" என்றார். நம் ஊரில் மீனாட்சியை மீனா என்பது போல அவர்களுக்கு அது சாதாரணம். இதுபோல டொனால்டும் டேனியலும் ஒரே ஆளாக இருக்கலாம். மக் என்று தொடங்கும் பெயர்களில் எம், ஏ, சி என்று மூன்று எழுத்தும் இருக்கிறதா, இரண்டா, வெறும் எம்மும் ஒரு மேற்கோள் குறியுமா என்பதில் எந்த அர்த்தமும் கிடையாது, எழுதிய குமாஸ்தாவின் கைப்பழக்கம்தான். மக் என்றால் மகன், மகளுக்கு நிக். ஒரு ஆளைத் தேடும்போது எல்லா எழுத்துவகையிலும் தேட வேண்டும்.

ஜேனட் என்று தேடியதும் 1893 பிறப்புப் பதிவு உடனே வந்தது. இரவு பத்து மணி இருக்கும். அம்மா ஜேனட் டெய்லர், பண்ணை வேலைக்காரி. குழந்தை பெயருக்குக் கீழே, முறைப்படி பிறக்காத குழந்தை என்று பொருள்படும் அந்தக் கடுமையான சொல். அப்பாவுக்கு உரிய இடம் வெறுமை. கல்யாணம் ஆகாத தம்பதி என்றால், அப்பாவும் நேரில் வந்து கையெழுத்துப் போட்டால்தான் அவர் பெயரை எழுதுவார்கள். பெற்றோருக்குக் கல்யாணம் நடந்த தேதியும் இடமும் இல்லாததும் ஓர் அடையாளம். 1861க்குப் பிறகான பிறப்புப் பதிவில் அது இருக்க வேண்டும்.

படத்தை மூடப் போனபோதுதான் இடது ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பைப் பார்த்தேன். திருத்தப்பட்ட பதிவுகளின் ஏட்டில் இன்ன பக்கம் பார்க்க என்று இருந்தது. பதிவான பிறகு ஏதாவது மாறினால் மூலப் பதிவில் கை வைக்காமல் இந்தத் தனி ஏட்டில் எழுதி, ஓரத்தில் குறிப்புப் போடுவார்கள். அந்தப் பக்கத்தைத் திறந்தேன். அபர்தீன் ஷெரிஃப் கோர்ட், அதாவது வட்டார நீதிமன்றத்தின் தீர்ப்பு. ஜேனட் டெய்லர் வழக்குப் போட்டிருக்கிறாள். குழந்தையின் தகப்பன் கிரான்ட் என்ற ஏர் ஓட்டும் பண்ணையாள் என்று கோர்ட் முடிவு செய்திருக்கிறது.

அந்த வட்டாரத்தில் பண்ணையாட்களை ஆறு மாதத்துக்கு ஒருமுறை சந்தையில் பேசி எடுப்பார்கள். தவணை முடிந்தால் வேறு பண்ணை, வேறு ஊர். ஒருவன் போய்விட்டால் தேடிப் பிடிப்பது லேசு இல்லை. வயிற்றுப் பிள்ளையோடு நின்ற பெண்கள் வடகிழக்கு ஸ்காட்லாந்தில் அந்த நாளில் நிறைய. பிள்ளையைத் தாய்வீட்டில் விட்டுவிட்டு மறுபடி வேலைக்குப் போவார்கள். 1901இல் அந்தப் பையன் தாத்தா வீட்டில் இருந்தது அதனால்தான்.

இதைச் சம்பந்தியிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் யோசித்தேன். படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பவில்லை. குடும்பத்தில் யாரும் நூறு வருடமாக வாய்விட்டுச் சொல்லாத ஒன்றை போனில் ஒரு படமாக அனுப்பக் கூடாது என்றே இன்றும் நினைக்கிறேன். நேரில் போனேன். டீ போட்டுக் கொடுத்தார். காகிதங்களை வரிசையாக வைத்துக் காட்டினேன். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "அவளுக்கு அப்போது என்ன வயது?" என்று கேட்டார். இருபத்தொன்று என்றேன். "இருபத்தொரு வயதில் தனியாகக் கோர்ட்டுக்குப் போயிருக்கிறாள்" என்று சொல்லிவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மாப்பிள்ளையின் தங்கை ஒன்று சொன்னாள். கிரான்ட் என்றால் பெரிய குலமாயிற்றே, கிரான்ட் டார்ட்டனையே எடுத்துக்கொள்ளலாமே என்று. சம்பந்தி சம்மதிக்கவில்லை. "அந்த ஆள் என் தாத்தாவுக்கு ஒரு நாள் சோறு போட்டாரா என்று தெரியாது. பெயர் கொடுத்து வளர்த்தது ஜெஸ்ஸியின் வீடு" என்றார். பேச்சு அதோடு முடிந்தது. இனித் தேட வேண்டியது ஜெஸ்ஸியின் முன்னோர்.

2023 ஏப்ரலில் இருவரும் எடின்பரோவுக்கு ரயில் ஏறினோம். பிறப்புக்கு 100, திருமணத்துக்கு 75, இறப்புக்கு 50 வருடம் ஆகாத பதிவுப் படங்களை இணையத்தில் பார்க்க முடியாது. பிரின்ஸஸ் தெருவின் கிழக்கு முனையில், குதிரை மேல் வெல்லிங்டன் சிலை நிற்கும் ஜெனரல் ரிஜிஸ்டர் ஹவுஸில் நேரில் பார்க்கலாம். ஒரு நாள் கட்டணம் கட்டி உட்கார்ந்தால் படத்துக்குப் படம் காசு இல்லை, அதனால் நிறையத் தேட வேண்டியிருந்தால் நேரில் போவதே லாபம். கேட்க வேண்டியவற்றை முன்கூட்டியே எழுதிக்கொண்டு போங்கள்.

1855க்கு முன்னால் போனால் சர்ச் ஏடுகள்தான். மிகப் பழையது எரல் என்ற ஊருடையது, 1553இல் தொடங்குகிறது. எல்லாக் குழந்தையும் அதில் வராது, பல ஏடுகள் பாதியில் அறுந்திருக்கும். அங்கே எங்களுக்குக் கைகொடுத்தது பெயர் வைக்கும் வழக்கம். மூத்த மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர், இரண்டாவது மகனுக்கு அம்மாவின் அப்பா பெயர், மூத்த மகளுக்கு அம்மாவின் அம்மா பெயர். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஒரே ஊரில் ஒரே பெயரில் மூன்று டெய்லர்கள் இருந்தபோது, பிள்ளைகளின் பெயர் வரிசையை வைத்துத்தான் நம் ஆள் யார் என்று பிரித்தோம். நிரூபணம் ஆகாது, ஆனால் எங்கே தேடுவது என்று காட்டும்.

ஜெஸ்ஸியின் தாத்தா 1841 மக்கள்தொகைக் கணக்கில், அபர்தீன்ஷயரில் உள்ள ஹன்ட்லி என்ற ஊர்ப் பக்கம் கிடைத்தார். தொழில் என்ற இடத்தில் மூன்று எழுத்து, எச், எல், டபிள்யூ. புரியாமல் உதவி மேசையில் கேட்டேன். "ஹேண்ட் லூம் வீவர்" என்றார் அங்கிருந்தவர். கைத்தறி நெசவாளி.

என் அப்பா சென்னிமலையில் கைத்தறியில் போர்வை நெய்தவர். நான் தறிச் சத்தத்தில் படித்து வளர்ந்தவள். அந்த மூன்று எழுத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டும் போல இருந்தது, ஆனால் அது வெறும் கம்ப்யூட்டர் திரை. சம்பந்தியிடம் சொன்னேன், "உங்கள் ஆட்களும் எங்கள் ஆட்கள்தான்" என்று.

மறுநாள் திரும்பும் வழியில் டண்டீயில் இறங்கி, ஸ்டேஷனை ஒட்டிய வி அண்ட் ஏ அருங்காட்சியகத்தில் டார்ட்டன் கண்காட்சி பார்த்தோம். கிளென் ஆஃப்ரிக் சதுப்பு நிலத்தில் 1980களில் கிடைத்த ஒரு துண்டுத் துணி அங்கே இருந்தது. 1500க்கும் 1600க்கும் இடையில் நெய்தது என்று கணித்திருக்கிறார்கள். பச்சை, பழுப்பு, சிவப்பு, மஞ்சள் கட்டம் மங்கலாகத் தெரிகிறது. கட்டம் பழையது என்பதில் சந்தேகமே வேண்டாம். பெயர்தான் புதிது. அந்தக் காலத்தில் அந்தந்த வட்டாரத்து நெசவாளி தனக்குத் தெரிந்த கட்டத்தை, தனக்குக் கிடைத்த சாயத்தில் நெய்தான். 1746இல் அரசுக்கு எதிரான கிளர்ச்சி கலோடன் போரில் தோற்ற பிறகு, ஹைலண்ட் என்ற மலைநாட்டு ஆண்கள் இந்த உடை அணியச் சட்டம் தடை போட்டது, பட்டாளத்துக்கு மட்டும் விலக்கு. 1782இல் தடை நீங்கிய பிறகு பானக்பர்ன் ஊரில் வில்சன் குடும்பத்தின் நெசவாலை பெருகியது. எண் போட்டு விற்ற கட்டங்கள் மெல்ல ஊர்ப் பெயரும் குலப் பெயரும் பெற்றன. அவர்களுடைய 1819 மாதிரி ஏட்டில் 200க்கும் மேற்பட்ட கட்டங்கள் உண்டு. 1815இல் லண்டன் ஹைலண்ட் சங்கம் உங்கள் குல டார்ட்டனை அனுப்புங்கள் என்று தலைவர்களைக் கேட்டபோது, அது எது என்று சில தலைவர்களுக்கே தெரியவில்லை. 1822இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோ வந்தார். நாவலாசிரியர் வால்டர் ஸ்காட் ஏற்பாட்டில் எல்லோரும் டார்ட்டனில் வந்து நின்றார்கள். அதன் பிறகு ஆளுக்கொரு டார்ட்டன் தேவைப்பட்டது. 1842இல் இரண்டு சகோதரர்கள் பழைய கையெழுத்துப் பிரதி என்று சொல்லி வெஸ்டியேரியம் ஸ்காட்டிக்கம் என்ற குல டார்ட்டன் நூலை வெளியிட்டார்கள். அந்தப் பிரதி போலி என்பதே ஆய்வாளர்கள் முடிவு. நாங்கள் முன்பணம் கட்டிய சிவப்புக் கேமரன் கட்டம் அந்த நூல் வழி வந்ததுதான்.

அதற்காக டார்ட்டனே பொய் என்று நான் சொல்ல மாட்டேன். இருநூறு வருடமாக மக்கள் அதை உடுத்திக் கல்யாணம் செய்திருக்கிறார்கள், போருக்குப் போயிருக்கிறார்கள். யாரும் எதையும் உடுத்தலாம், சட்டத் தடை கிடையாது. அரச குடும்பத்துக்கென்று ஒதுக்கிய பால்மோரல் போன்ற சிலதை மட்டும் மரியாதைக்காக யாரும் தொடுவதில்லை. ஸ்காட்லாந்து டார்ட்டன் பதிவேடு 2009 முதல் அரசிடம் இருக்கிறது, இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். துணி வாங்கும் முன் அந்தக் கட்டம் யாருடையது, எப்போது பதிவானது என்று அங்கே பார்த்துவிடுங்கள். குலப்பெயர் இல்லாத எங்களைப் போன்றவர்களுக்கு வட்டார டார்ட்டன்கள் இருக்கின்றன என்று அதில்தான் தெரிந்துகொண்டோம். ஹன்ட்லிக்கே ஒன்று இருக்கிறது, சிவப்பும் பச்சையுமாக. சம்பந்தி அதைப் பார்த்ததும் முடிவு செய்துவிட்டார். கேமரனுக்குக் கட்டிய முன்பணம் திரும்பி வரவில்லை.

இருப்பில் இல்லாததால் மில்லில் தனியாக நெய்யச் சொன்னோம், பத்து வாரம் ஆனது. ஒரு விஷயத்தில் சறுக்கினோம். ஒரே கட்டம் ஏன்ஷியன்ட், மாடர்ன் என்று வெவ்வேறு சாயத்தில் வரும். ஏன்ஷியன்ட் என்றால் பழைய கட்டம் என்று அர்த்தம் இல்லை, இலைச் சாயம் போல வெளிறிய நிறம், அவ்வளவுதான். கில்ட்டை மாடர்னில் சொல்லிவிட்டு கழுத்தில் கட்டும் டையை இன்னொரு கடையில் ஏன்ஷியன்டில் வாங்கிவிட்டோம். பக்கத்தில் வைத்தால் இரண்டும் அண்ணன் தம்பி போலக்கூட இல்லை. ஒரே மில், ஒரே சாயம், எல்லாவற்றையும் ஒரே தடவையில் வாங்குங்கள்.

துணி வந்த அன்று நான் இழை எண்ணிப் பார்த்தேன். பாவில், அதாவது நீள இழையில், என்ன வரிசையோ அதுவேதான் குறுக்கிழையான ஊடையிலும். ஒரு முனையில் போய்த் திரும்பி அதே வரிசையில் பின்னால் வரும். இரண்டு இழை மேலே, இரண்டு இழை கீழே என்று சாய்வாக ஓடும் நெசவு என்பதால், இரண்டு நிறம் சந்திக்கும் இடத்தில் மூன்றாவது சாயல் பிறக்கிறது. நான்கு நிறம் போட்டால் பத்துச் சாயல் தெரியும். கில்ட்டின் கீழ்விளிம்பை மடித்துத் தைப்பதில்லை, தறியில் விழுந்த கரையே விளிம்பு. அப்பா இருந்திருந்தால் அதைத்தான் முதலில் விரலால் தடவிப் பார்த்திருப்பார்.

செப்டம்பரில் கல்யாணம். மகள் பாலும் பழமும் கட்டம் போட்ட காஞ்சிப் பட்டு, மாப்பிள்ளையும் சம்பந்தியும் ஹன்ட்லி. வரவேற்பு மேசையில் வைக்கச் சம்பந்தி தன் கையால் ஒரு குடும்ப மரம் வரைந்திருந்தார். நெசவாளித் தாத்தாவுக்குக் கீழே ஜேனட் என்று எழுதி, பக்கத்திலேயே ஜெஸ்ஸி என்றும் எழுதியிருந்தார். கிரான்ட் பெயரையும் விடவில்லை, பென்சிலில் எழுதியிருந்தார். மறுபாதியை எனக்கு விட்டு வைத்திருந்தார். அப்பா வழியில் ஆண்கள் பெயரை ஐந்து தலைமுறைக்கு எழுதிவிட்டேன். பெண்கள் வரிசைக்குச் சென்னிமலையில் இருக்கும் அத்தைக்குப் போன் செய்தேன். அம்மாவின் அம்மா பெயர் சொன்னார். அவருடைய அம்மா பெயரும் சொன்னார். அதற்கு மேலே கேட்டபோது, "அவங்களை எல்லாரும் பெரியாத்தான்னுதான் கூப்பிடுவாங்க கண்ணு" என்றார். அப்படியே எழுதினேன்.